வாசகர் கேள்வி – பதில்: ஐராவதியின் தலைமாட்டில் ஒரு பனியாறு

சென்ற இதழில் ஐராவதி ஆறு பிறக்கும் இடத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. அதில் 'பனியாற்று நீர்' என்று ஒரு சொல்: மலையில் தன் எடையாலேயே நகரும் பனிக்கட்டி உருகி வரும் நீர். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மோல்மேனிலிருந்தும் பெகுவிலிருந்தும் டெல்டா ஊர்களிலிருந்தும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

பர்மாவில் பனிமலை இருக்கிறது என்றால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். நம் நாட்டு எல்லைக்குள்ளேயே பனியாறு உண்டா? வரைபடத்தில் எங்கே விரல் வைத்துக் காட்டுவது?
– தமிழ்ப் பள்ளி ஆசிரியை, மோல்மேன்

உண்டு, டீச்சர். சுவர் வரைபடத்தில் தெற்கு நுனியிலுள்ள விக்டோரியா முனையில் பிள்ளைகளை விரல் வைக்கச் சொல்லுங்கள். அது 10ஆவது அட்சரேகையை ஒட்டிய ஊர். அங்கிருந்து ரங்கூன், மண்டலே, மிச்சீனா, புட்டாவோ என்று விரலை மேலே நகர்த்தினால், 28ஐத் தாண்டியதும் நாடு ஒரு கூம்பாகக் குறுகி முடியும். இந்தியாவும் சீனாவும் பர்மாவும் சந்திக்கும் மூலை அது. அந்த மூலைக்குச் சற்றுக் கிழக்கே, 28.33 டிகிரி வடக்கு, 97.54 டிகிரி கிழக்கில் காக்கபோ ராசி நிற்கிறது. கச்சின் மாநிலம், புட்டாவோ மாவட்டம். சுற்றியுள்ள 3,812 சதுர கிலோமீட்டர் 1998 முதல் தேசியப் பூங்கா.

நம் பாடப் புத்தகங்களில் வரும் உயரம் 5,881 மீட்டர், அதாவது சுமார் 19,295 அடி. 2013இல் ஏறிய ஒரு குழு, சில கிலோமீட்டர் தெற்கேயுள்ள காம்லாங் ராசியின் உச்சியில் ஜி.பி.எஸ். கருவி வைத்து 5,870 மீட்டர் என்று அளந்தது. அதே போன்ற கருவி அளவு காக்கபோ ராசியின் உச்சியில் எடுக்கப்படாததால், இரண்டில் எது உயரம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வகுப்பில் 5,881 என்றே சொல்லிக்கொடுங்கள். கூடவே இந்த வாதத்தையும் சொல்லுங்கள். உயரம் என்பது யாரோ ஒருவர் போய் அளந்து வந்த எண் என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் புரியும்.

'அவ்வளவு சூடான நாட்டில் பனி எப்படி?' என்று கேட்பார்கள். ஆயிரம் மீட்டர் ஏற ஏறக் காற்றின் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். கடல் மட்டத்திலிருந்து 5,881 மீட்டருக்குப் போனால் 38 டிகிரி குறைந்துவிடும். ரங்கூனின் சராசரி 27 டிகிரி என்றால் கணக்கு எங்கே போய் நிற்கிறது என்று பிள்ளைகளையே கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காக்கபோ ராசி வடக்கே தள்ளி இருப்பதால் அங்கே குளிர் அதைவிடவும் கூடுதல்.

ஆனால் குளிர் மட்டும் இருந்தால் பனியாறு உண்டாகாது. திபெத்தின் உட்பகுதியில் 5,000 மீட்டருக்கு மேலேயும் வெறும் பாறையும் புழுதியுமாகக் கிடக்கும் மேடுகள் ஏராளம். குளிர் இருக்கிறது, விழுவதற்குப் பனி இல்லை. நம் மூலையில் கதை வேறு. வங்கக் கடலில் எழும் தென்மேற்குப் பருவக்காற்று மேலே ஏறி இந்த மலைச் சுவரில்தான் முட்டுகிறது. புட்டாவோவில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை. அடிவாரத்தில் மழையாகக் கொட்டும் அதே மேகம் உச்சியில் பனியாக இறங்குகிறது. சுமார் 4,600 மீட்டர் வரை காடும் புதரும், அதற்கு மேல் புல்லும் பாறையும், சுமார் 5,300 மீட்டரில் மலையின் தோளைப் போர்த்திய பனிக்கவசம். அதன் விளிம்புகளிலிருந்து நாக்கு நாக்காகப் பள்ளத்தாக்குகளுக்குள் இறங்குபவைதாம் நம் பனியாறுகள். சின் மாநிலத்திலுள்ள நாட் மா டவுங் மலை 3,053 மீட்டர்தான். அங்கே குளிர்காலத்தில் உறைபனி படியும், வெயில் ஏறினால் போய்விடும்.

மார்கழியில் புல்லில் படிவதும் பனிதான், துருவத்தில் மிதப்பதும் பனிதான் என்கிறோம். பத்திரிகைகளோ எல்லாவற்றையும் 'பனிப்பாறை' என்கின்றன. பனியாறு என்பது எது?
– ஓய்வுபெற்ற எழுத்தர், தாட்டோன்

நியாயமான குறை. நம் மொழி வளர்ந்த மண்ணில் பனி என்றால் பனித்துளியும் மூடுபனியும்தான். வானத்திலிருந்து பஞ்சு மாதிரி உதிர்வதற்குத் தனிச்சொல் தேவைப்படவே இல்லை. அதனால் ஒரே சொல் நாலு பொருளைச் சுமக்கிறது. 'பனிப்பாறை உருகுகிறது' என்று செய்தி வந்தால், அது கடலில் மிதக்கும் கட்டியா, மலையிலிருந்து இறங்கும் பனியாறா என்று படிப்பவருக்குத் தெரிவதில்லை. இந்தப் பக்கத்தில் விழுவதைப் 'பனி' என்றும், இறுகியதைப் 'பனிக்கட்டி' என்றும், தன் எடையாலேயே நகர்வதைப் 'பனியாறு' என்றும் எழுதுகிறோம்.

ஒன்று மற்றொன்றாவது எடையால்தான். புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோ வரைதான் இருக்கும். ஒரு கோடை முழுவதும் உருகாமல் தப்பினால் பொடி மணியாகி, மணிகள் ஒட்டிக்கொண்டு 400 கிலோவைத் தாண்டும். இந்தப் பழம்பனிக்கு ஃபிர்ன் என்று பெயர். மேலே ஆண்டுதோறும் புதுப்பனி ஏற ஏற, கன மீட்டருக்குச் சுமார் 830 கிலோவை எட்டும்போது மணிகளுக்கு இடையிலுள்ள காற்றுவழிகள் அடைபட்டுவிடும். மிஞ்சிய காற்று குமிழ்களாகச் சிறைப்படும். அப்போதுதான் அது பனிக்கட்டி. பருவமழை மலைகளில் உருகுநீர் இடைவெளிகளில் இறங்கி மறுபடி உறைவதால் சில ஆண்டுகளிலேயே இது நடந்துவிடும். அண்டார்டிகாவின் உலர்ந்த உட்பகுதியில் நூறு ஆண்டுக்கு மேல் ஆகும்.

கட்டியாக இருக்கும் ஒன்று எப்படி ஆறாக ஓடும்? வீட்டில் செய்து பார்க்க ஏதாவது வழி உண்டா?
– பத்தாம் வகுப்பு மாணவி, பெகு

பனைவெல்லக் கட்டியைச் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். உடைத்தால் சில்லாகத் தெறிக்கும். விட்டுவைத்தால் நாலு நாளில் சப்பென்று அமர்ந்து பரவியிருக்கும். பனிக்கட்டியும் அந்த ஜாதிதான். மேல் 30 மீட்டர் அளவுக்கு அது உடையும் பொருள், அங்கேதான் பனிப்பிளவுகள். அதற்குக் கீழே அழுத்தம் கூடுவதால், பளுவுக்கு இளகி மெல்ல உருமாறும். 1950களில் ஜான் கிளென் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பனிக்கட்டியை அழுத்திச் சோதித்துக் கண்ட விதி இது: பளுவை இரண்டு மடங்காக்கினால் உருமாறும் வேகம் எட்டு மடங்காகும். அதனால்தான் ஒரு பனியாறு கொஞ்சம் மெலிந்தாலே வேகம் சட்டென்று குறைந்துவிடுகிறது.

இதுபோக, அடிமட்டத்தில் தண்ணீர்ப் படலம் இருந்தால் முழுப் பனியாறும் பாறைமேல் வழுக்கிக்கொண்டும் இறங்கும். அந்த வழுக்கலில் ஒரு பங்கை வீட்டில் பார்க்கலாம்.

ஐஸ் கடையில் ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலமுள்ள கட்டையாக வாங்குங்கள். இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு மேசைமேல் நிறுத்தி, கட்டையைப் பாலம் மாதிரி வையுங்கள். அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய எஃகு அல்லது செம்புக் கம்பியைக் கட்டையின் குறுக்கே போட்டு, இருபுறமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கட்டித் தொங்கவிடுங்கள். கம்பி மெதுவாக உள்ளே இறங்கும். ஆனால் அது போன தடம் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். கட்டையின் அகலத்தையும் அறையின் சூட்டையும் பொறுத்து அரை மணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். கடைசியில் கம்பி கீழே விழும், கட்டை இரண்டாகப் பிளந்திருக்காது.

கம்பிக்கு அடியில் அழுத்தம் கூடுவதால் பனிக்கட்டி உருகும் வெப்பநிலை ஒரு துளி இறங்குகிறது. உருகிய நீர் கம்பியைச் சுற்றி மேலே வந்ததும் அழுத்தம் போய் மறுபடி உறைகிறது. பனியாற்றின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பாறைமேட்டை அது கடப்பதும் இப்படித்தான். மேட்டின் முன்புறம் உருகும், பின்புறம் உறையும்.

சோதனை கெடும் இடங்கள் மூன்று. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு செய்தால் கம்பி அசையாது. அந்தக் கட்டை பூஜ்யத்துக்குப் பத்துப் பதினைந்து டிகிரி கீழே இருக்கும். நம் பாட்டில்கள் இறக்கும் வெப்பநிலையோ ஒரு டிகிரியில் சில நூறில் பங்குதான். மேற்பரப்பு ஈரமாகிப் பளபளக்கும் வரை பொறுங்கள். அடுத்தது, தூண்டில் நரம்பு பயன்படாது. மேலே நீர் உறையும்போது வெளிவரும் வெப்பம் கம்பி வழியாகக் கீழே இறங்கித்தான் அடுத்த பனியை உருக்குகிறது. நைலான் வெப்பத்தைக் கடத்தாது. மூன்றாவது, மின்விசிறிக்கு நேராகவோ வெயிலிலோ வைத்தால் காற்றின் சூடே கம்பி வழியாக வெட்டிவிடும், தடமும் சரியாக ஒட்டாது. கட்டையின் மேல் ஈரத்துணி போர்த்தி நிழலில் வையுங்கள்.

மலையில் இதற்குச் சாட்சி உண்டு. 1840களில் லூயி அகாசி என்ற பனியாற்று ஆய்வாளர் சுவிட்சர்லாந்தில் ஒரு பனியாற்றின் குறுக்கே நேர்கோட்டில் கழிகளை நட்டார். பிறகு பார்த்தபோது கோடு நடுவில் வில்லாக வளைந்து கீழே போயிருந்தது. கரையில் உராய்வு, நடுவில் வேகம், சாதாரண ஆற்றைப் போலவே. துயரமான சாட்சியும் ஒன்று உண்டு. காக்கபோ ராசிக்குக் கிழக்கே சுமார் 110 கிலோமீட்டரில், யுன்னான் எல்லையில் 6,740 மீட்டர் உயரக் கவகேபோ சிகரம். 1991 ஜனவரியில் அங்கே பனிச்சரிவில் ஜப்பானிய, சீன ஏறுநர்கள் 17 பேர் முகாமிலேயே புதைந்தனர். தேடியும் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டு கழித்து, 1998இல், அவர்களின் உடல்களும் உடைமைகளும் வெகு கீழே மிங்யோங் பனியாற்றின் மேற்பரப்பில் வெளிவரத் தொடங்கின. மேலே விழுந்ததைப் பனியாறு உள்ளே வாங்கிக் கீழே கொண்டுவந்து, உருகும் இடத்தில் வெளியே விட்டது.

படங்களில் பனியாற்றின் கீழ்ப்பகுதி வெறும் கல்லும் மண்ணுமாகத் தெரிகிறது. அது செத்துப்போன பகுதியா?
– ஐஸ் வியாபாரி, ரங்கூன்

உங்கள் தொழிலிலேயே விடை இருக்கிறது, ஐயா. மரத்தூளும் உமியும் போட்டு மூடிய கட்டை சாயங்காலம் வரை நிற்கிறது, திறந்து வைத்தது மத்தியானத்துக்குள் கரைகிறது. கல்போர்வை அந்த மரத்தூள் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. இருபுறச் சரிவிலிருந்தும் விழும் கற்கள் பனிக்கட்டியில் சிக்கி வந்து, கீழே பனி உருகும்போது மேலே தேங்கிவிடுகின்றன. அரை மீட்டர் கனத்துக்குக் கல் மூடினால் அடியிலுள்ள பனி உருகுவது மிகவும் குறைந்துபோகும். ஆகவே செத்ததல்ல, உள்ளே நூறு மீட்டர் பனி நகர்ந்துகொண்டிருக்கலாம்.

ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கட்டையின் மேல் ஒரு பிடி கரித்தூளை மெல்லத் தூவிப் பாருங்கள். மூடாத கட்டையைவிட அது வேகமாகக் கரையும். மெல்லிய அழுக்கு வெயிலைக் குடித்துச் சூட்டை உடனே கீழே கடத்திவிடுகிறது. கனமான போர்வையில் சூடு மேலேயே தங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான எல்லை சில சென்டிமீட்டர்தான். சமவெளியில் வயலை எரிக்கும் புகைக்கரி மேலே போய்ப் படிவது ஏன் கவலைக்குரியது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஓரங்களில் நீளமாகக் குவியும் கல்மேட்டைப் பாடப் புத்தகம் மொரைன் என்கிறது. பார்ப்பதற்கு வயல் வரப்புதான், உயரம் மட்டும் சில இடங்களில் நூறு மீட்டர். இரண்டு பனியாறுகள் சேருமிடத்தில் உள்வரப்புகள் இணைந்து நடுவில் ஒரே கறுப்புக் கோடாக ஓடும். நாக்கின் நுனியில் அரைவட்டமாகக் கிடப்பது முன்வரப்பு. பனி பின்வாங்கிவிட்ட பிறகும் அது அங்கேயே கிடப்பதால், முன்பு எதுவரை நீண்டிருந்தது என்பதற்கு அதுதான் எல்லைக்கல்.

அங்கே போக முடியாது. கைபேசியில் செயற்கைக்கோள் படத்தில் நம் பனியாறுகளைப் பார்ப்பது எப்படி? சுருங்கியிருக்கிறதா என்று அளக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், மண்டலே

முடியும், பொறுமை வேண்டும். முதல் கேள்வியின் பதிலில் உள்ள ஆயத்தொலைகளை எந்த நிலப்பட மென்பொருளிலும் இடுங்கள். ஆனால் அங்கே தெரியும் அழகான படம் பல தேதிகளில் எடுத்த துண்டுகளை ஒட்டியது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்குகள் வெவ்வேறு ஆண்டாக இருக்கலாம். பார்க்கச் சரி, அளக்க உதவாது. அளப்பதற்குத் தேதியிட்ட படங்கள் வேண்டும். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் கிடைக்கின்றன, 1982 முதல் ஒரு புள்ளிக்கு 30 மீட்டர் தெளிவு. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல், 10 மீட்டர் தெளிவு. இரண்டும் இலவசம்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கும் மேகம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை காடு வரைக்கும் புதுப்பனி. அப்போதைய படத்தைப் பார்த்தால் பனியாறு இரண்டு மடங்கு பெரிதாகத் தோன்றும். மழை விட்டு, குளிர்காலப் பனி விழுமுன் வரும் அக்டோபர், நவம்பர்தான் ஏற்ற காலம். இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது இரண்டும் அதே மாதமாக இருக்கட்டும்.

மேகமும் வெள்ளை, பனியும் வெள்ளை. பிரித்தறிய, குறுஅலை அகச்சிவப்புப் பட்டையைச் சேர்த்த படத்தைத் திறங்கள். பனி அந்த ஒளியை விழுங்குவதால் கருமையாகவும், மேகம் வெளிச்சமாகவும் விழும். பனியாற்று நாக்கில் குறுக்குப் பிளவுகள் வரிவரியாக இருக்கும், நடுக்கோடுகள் கீழ்நோக்கி ஓடும். கல்மூடிய நாக்கைப் பிடிப்பதுதான் கடினம். சுற்றியுள்ள சரிவும் அதே சாம்பல் நிறம். அங்கே மேடுபள்ளமும், சிறு சிறு குட்டைகளும், நுனியில் பால்நிற ஓடை வெளிவரும் இடமும்தான் அடையாளம். அந்தப் பால்நிறம், பனியாறு பாறையை அரைத்த மாவு நீரில் கலந்ததால் வருவது. வடக்குச் சரிவுகளில் மலைநிழல் பனியை மறைக்கும். நிழலை 'உருகிவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள்.

30 மீட்டர்ப் படத்தில் ஒரு புள்ளி அங்கே, ஒரு புள்ளி இங்கே தவறலாம். ஆகவே 60 மீட்டருக்குக் குறைந்த மாற்றத்தை மாற்றம் என்று எண்ணக் கூடாது. பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளி விட்டு அளந்தால்தான் நம்பகமான எண் கிடைக்கும். நுனி நகராமல் இருந்தால் பனியாறு நலம் என்றும் முடிவுகட்ட வேண்டாம். கல்மூடிய நாக்கு அதே இடத்தில் நின்றபடியே மேலிருந்து மெலியும். மெலிவை அறிய உயர அளவு வேண்டும், அல்லது நேரில் போய் மூங்கில் நட வேண்டும்.

மூங்கிலா என்று வியக்காதீர்கள். இமயமலைப் பனியாறுகளில் இன்றும் அதுதான் அளவுகோல். இரண்டு மீட்டர்த் துண்டுகளைக் கம்பியால் கோத்து, நீராவித் துளைப்பானால் பனியில் எட்டுப் பத்து மீட்டர் துளையிட்டு இறக்குவார்கள். உருக உருக மூங்கில் வெளியே நீளும். ஓர் ஆண்டில் ஒன்றரை மீட்டர் நீண்டிருந்தால், பனிக்கட்டியின் அடர்த்தி தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு என்பதால், போனது 1.35 மீட்டர் தண்ணீர். மூங்கிலே சூடேறித் தன்னைச் சுற்றி ஒரு குழியை உருக்கிக்கொள்ளும். குழியின் அடியிலிருந்து அளந்தால் கணக்குத் தவறும். ஆகவே மேற்பரப்பில் ஒரு பலகையைப் படுக்கவைத்து அதன் மேலிருந்து அளப்பார்கள். சாய்ந்துவிட்ட கழியின் அளவைத் தள்ளிவிடுவார்கள். ஒரு கழி போதாது, நாக்கின் நுனி முதல் மேல்பகுதி வரை உயரத்துக்கு ஒன்றாக வேண்டும். மேலே பனி சேரும் பகுதியில் குழிதோண்டி, அவ்வாண்டுப் பனியின் கனத்தையும் எடையையும் பார்ப்பார்கள். வரவையும் செலவையும் கழித்து வருவதுதான் அந்த ஆண்டின் நிலுவை.

பனியாறு உருகித் தீர்ந்தால் ஐராவதி வற்றிவிடும் என்கிறார்கள். எங்கள் நெல்லின் கதி என்ன?
– நெல் விவசாயி, பியாபோன்

வற்றாது. ஐராவதி முதன்மையாக மழையாறு. அதன் வடிநிலம் நாலு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல், ஆண்டுக்குக் கடலில் சேர்க்கும் நீர் சுமார் 380 கன கிலோமீட்டர். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர கிலோமீட்டர் பனியாறு ஓர் ஆண்டில் ஒரு மீட்டர் கனம் தண்ணீரை இழப்பதாக வைத்துக்கொள்வோம். அது 0.1 கன கிலோமீட்டர், உங்கள் ஊர்ப்பக்கம் வந்து சேரும் நீரில் சுமார் நாலாயிரத்தில் ஒரு பங்கு. கோடையில் உங்கள் வாய்க்காலில் உப்பு ஏறுவதற்குக் காரணம் ஆற்றின் கோடைவரத்து தாழ்வதும் கடல் ஏற்றம் உள்ளே தள்ளுவதும்தான். அந்தப் பழியைப் பனியாற்றின் மேல் போட வேண்டியதில்லை.

தலைமாட்டில் இருப்பவர்கள் நிலை வேறு. மழை தொடங்குமுன், வெயில் ஏறும் ஏப்ரல், மே மாதங்களில் மேல் பள்ளத்தாக்குகளின் ஓடைகளை நிறுத்தாமல் ஓடவைப்பது உருகுநீர். எங்களுக்கு இதில் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. நம் பனியாறுகளுக்குப் பனி சேர்வதும் உருகுவதும் ஒரே பருவத்தில், மழைக்காலத்தில். ஆல்ப்ஸில் குளிர்காலத்தில் சேரும், கோடையில் செலவாகும். இங்கே காற்று சற்றே சூடேறினாலும் இரட்டை அடி: பனியாக விழ வேண்டியது மழையாக விழுகிறது, வரவு போயிற்று. புதுப்பனி வெயிலில் பத்தில் எட்டு ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பும், அது மூடாததால் வெளிப்பட்ட அழுக்குப் பனிக்கட்டி பாதிக்கும் குறைவாகத்தான் திருப்பும், செலவும் கூடிற்று.

இன்னொன்று ஏரி. பனியாறு பின்வாங்கும்போது முன்வரப்புக்கும் பனிக்கும் இடையே தண்ணீர் தேங்கும். அணையாக நிற்பதோ கல்லும் மண்ணும், சில இடங்களில் உள்ளே புதைந்த பனியும். மேலிருந்து பனித்துண்டு விழுந்து அலை எழும்பினாலும், உள்ளே புதைந்த பனி உருகிச் சரிந்தாலும் கரை உடையும். 1985இல் நேபாளத்தின் டிக் ட்ஷோ ஏரி இப்படி உடைந்து, கட்டி முடியும் நிலையிலிருந்த மின் நிலையத்தை அடித்துச் சென்றது. 2023 அக்டோபரில் சிக்கிமில் தென் லோனாக் ஏரி உடைந்து தீஸ்தா அணையையே உடைத்தது. மலைப் பள்ளத்தாக்கில் தங்குபவர்கள் நினைவில் வைக்க வேண்டியது: வெயில் நாளில் ஆறு திடீரென்று வற்றினாலோ, காரணமின்றிக் கலங்கினாலோ, மேலிருந்து லாரி ஓடுவது போல் அதிர்வு கேட்டாலோ, ஆற்றோடு கீழே ஓடக் கூடாது. பக்கச் சரிவில் நேராக மேலே ஏற வேண்டும்.

என் மகன் அந்த மலையடிவாரம் வரையாவது போக ஆசைப்படுகிறான். அனுப்பலாமா?
– ஒரு தாயார், தவுங்கூ

இப்போதைய நிலையில் வேண்டாம், அம்மா. கச்சின் பகுதியில் சண்டை நடக்கிறது, புட்டாவோ தாண்டிச் செல்ல அனுமதி வேண்டும். அமைதி திரும்பிய பிறகும் அது எளிய பயணமல்ல. மிச்சீனாவிலிருந்து புட்டாவோ சாலை வழி 218 மைல். அங்கிருந்து காக்கபோ ராசியின் அடிவாரத்துக்கு வாரக்கணக்கில் நடை. மழைக்காடு, அட்டை, தொங்குபாலம், நாள்தோறும் ஈரம். பனியைக் காணுமுன்பே காலில் புண் வந்து திரும்பியவர்கள் அதிகம். தாவர ஆய்வாளர் கிங்டன் வார்டு 1937இல் முயன்று உச்சியை எட்டாமல் திரும்பினார். 1996இல்தான் ஜப்பானியர் தகாஷி ஒசாகியும் அந்த மலைப்பகுதியைச் சேர்ந்த நியமா கியால்ட்சனும் முதன்முதலில் உச்சியை மிதித்தனர். 2014இல் ஏறிய நம் நாட்டு இளைஞர் இருவர் திரும்பவே இல்லை.

மகனின் ஆசையை அணைக்கவும் வேண்டாம். கலாவிலிருந்து இன்லே ஏரி வரை நடந்து பழகட்டும். பிறகு நாட் மா டவுங். என்றாவது 3,000 மீட்டருக்கு மேல் போகும் நாள் வந்தால் ஒரே விதி போதும்: முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்த இடத்தில் தூங்கக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் தங்க வேண்டும். தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவானாலும் கீழே இறக்க வேண்டும். மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பனியாற்று நீர் எந்தப் பெயரில் ஐராவதியில் சேர்கிறது? நூலுக்கு நூல் பெயர் மாறுகிறதே.
– நூலகர், ரங்கூன்

ஒரே நீருக்குப் பள்ளத்தாக்குக்கு ஒரு பெயர். காக்கபோ ராசியின் பக்கம் அது அடுங் வாங். செயிங்கு ஆற்றோடு சேர்ந்ததும் 'நம் தமாய்' என்று பெயர். இன்னும் கீழே என்மாய் கா. 'கா' என்றால் கச்சின் மொழியில் ஆறு, 'நம்' ஷான் மொழியில் அதே பொருள். ஆகவே 'என்மாய் கா ஆறு' என்று எழுதினால் ஆறு இரண்டு முறை வந்துவிடும். புட்டாவோ சமவெளி வழியாக மேற்கேயிருந்து வருவது மலி கா. இரண்டும் மிச்சீனாவுக்கு வடக்கே சுமார் 27 மைலில், மியிட்சோனில் கலக்கின்றன. ஐராவதி என்ற பெயர் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.